எந்த மொழி வேகமானது? அந்த அட்டவணைகளைப் படிப்பது எப்படி

[திரையில்: 27 புரோகிராமிங் மொழிகளின் அட்டவணை. மேலே சி, கீழ்ப்பக்கம் பைத்தான்]

இந்த அட்டவணையை எங்காவது பார்த்திருப்பீர்கள். 2017-இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 27 மொழிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எழுதிய நிரல் எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அளந்தார்கள். மின்செலவில் சி-க்கு 1 என்றால் பைத்தானுக்கு கிட்டத்தட்ட 76. இந்த எண்ணைக் காட்டித்தான் பைத்தானைத் திட்டுகிறார்கள். நாம் அதை விட்டுவிட்டு வேறு இரண்டு வரிகளைப் பார்ப்போம்.

[திரையில்: இரண்டு வரிகள் மட்டும் பெரிதாக]

அதே மின்செலவுக் கணக்கில் ஜாவாஸ்கிரிப்ட் 4.45. டைப்ஸ்கிரிப்ட் 21.50.

டைப்ஸ்கிரிப்ட்டில் நீங்கள் எழுதும் டைப் விவரங்களையெல்லாம் (இது எண், இது எழுத்து என்பது மாதிரியான குறிப்புகள்) அதை மொழிமாற்றும் கம்பைலர் நீக்கிவிட்டு ஜாவாஸ்கிரிப்டாகத்தான் வெளியே தருகிறது, அதை ஓட்டுவதும் அதே எஞ்சின்தான். அப்படியானால் இந்த ஐந்து மடங்கு எங்கிருந்து வந்தது? மொழியிலிருந்து வர வழியே இல்லை, எழுதிய நிரலிலிருந்துதான் வந்திருக்க முடியும். அந்த ஆய்வு நிரல்களை ‘கம்ப்யூட்டர் லாங்வேஜ் பெஞ்ச்மார்க்ஸ் கேம்’ என்ற திட்டத்திலிருந்து எடுத்தது. அங்கே ஆர்வலர்கள் தங்களுக்குப் பிடித்த மொழியில் எழுதி அனுப்புகிறார்கள். சில மொழிகளுக்கு இரவு பகலாக மெருகேற்ற ஆள் இருக்கும், சிலவற்றுக்கு யாரோ ஒருவர் ஒருமுறை எழுதியதோடு சரி. டைப்ஸ்கிரிப்ட் எண்ணைத் தூக்கிவிட்டதில் பெரும்பங்கு ஒரே ஒரு சோதனையின் நிரலுக்குத்தான்.

அதே திட்டத்தில் பை எண்ணின் இலக்கங்களைக் கணக்கிடும் சோதனை ஒன்று உண்டு. அதில் முன்னணியில் இருக்கும் நிரல்கள் பலவும் பெரிய எண்களைப் பெருக்க ஜிஎம்பி என்ற லைப்ரரியைத்தான் கூப்பிடுகின்றன, அது எழுதப்பட்டது சி-யிலும் அசெம்பிளியிலும். மேலே எந்த மொழி இருந்தாலும் அடியில் உழைப்பது ஒரே லைப்ரரி. அதனால் எந்த ஒப்பீட்டைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பக்கத்துக்கு யார் உழைத்தார்கள், அந்தப் பக்கத்துக்கு யார் உழைத்தார்கள்?

[திரையில்: 2011]

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் கூகுளில் நடந்தது. ராபர்ட் ஹண்ட் என்பவர், ஒரு நிரலுக்குள் லூப்கள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதிகள், எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் அல்காரிதம் ஒன்றை சி++, ஜாவா, கோலாங், ஸ்காலா என நான்கிலும் எழுதி ஒப்பிட்டார். ஒவ்வொரு மொழியிலும் தரவை அடுக்கிவைக்க வழக்கமாகப் பயன்படுத்தும் டேட்டா ஸ்ட்ரக்சர்களையே பயன்படுத்தினார், நியாயமாக இருக்க வேண்டும் என்று மெனக்கெட்டிருக்கிறார். வேகத்தில் சி++ பெரிய இடைவெளியில் வென்றது. ஆனால் அதற்குத்தான் அதிக ட்யூனிங் தேவைப்பட்டது, அதிலும் பல வேலைகள் சாதாரண புரோகிராமருக்கு எட்டாதவை என்று கட்டுரைச் சுருக்கத்திலேயே எழுதியிருக்கிறார். முடிவைப் பகிர்கிறவர்கள் இந்த வரியையும் சேர்த்துப் பகிர வேண்டும், இல்லையென்றால் அவருக்கே அநியாயம் செய்கிறோம்.

அப்புறம் கோலாங் குழுவைச் சேர்ந்த ரஸ் காக்ஸ் அந்த கோலாங் நிரலை எடுத்து, நேரம் எங்கே போகிறது என்று புரொஃபைலர் வைத்துப் பார்த்தார். எண் போட்டு வைத்திருந்த பொருள்களைத் தேட, கூடுதல் வேலை வைக்கும் ஹாஷ் மேப் என்ற தேடல் அமைப்பைப் பயன்படுத்தியிருந்தது, அங்கே சாதாரண வரிசையே போதும். தேவையில்லாமல் மெமரியை ஒதுக்கிக்கொண்டே இருந்ததால் பயன்படாத மெமரியைத் திரும்ப எடுக்கும் கார்பேஜ் கலெக்டருக்கும் ஓயாத வேலை. இவற்றைச் சரிசெய்ததும் அதே மொழி, அதே அல்காரிதம், பத்து மடங்கு அளவுக்கு வேகம் கூடியது.

அவர் அத்தோடு நின்றிருந்தால் அதுவும் ஒருதலைப்பட்சம்தான். தன் மொழிக்கு மெருகு, எதிராளிக்குப் பழைய எண்! அவர் அதே மாற்றங்களை சி++ நிரலிலும் செய்து மறுபடி ஓட்டிப் பார்த்தார், இரண்டும் அருகருகே வந்தன. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி அடிதான். தன் தரப்புக்குக் கொடுத்த அதே உழைப்பை எதிர்த்தரப்புக்கும் கொடுத்த பிறகுதான் ஒப்பீடு தொடங்குகிறது, அதற்கு முன்னால் கிடைக்கும் எண்ணை ஒப்பீடு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

[திரையில்: 2014, 2019]

வேகத்தை விடுங்கள், ‘எந்த மொழியில் பிழை குறைவு’ என்பதிலும் இதே கதைதான். 2014-இல், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உள்ள 729 திட்டங்களை, 17 மொழிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. 11 மொழிகளுக்கும் பிழைகளுக்கும் தொடர்பு இருக்கிறது என்றது. 2019-இல் வேறொரு குழு அதே தரவை மறுபடி அலசியது. பிழை திருத்தத்தைக் கண்டுபிடிக்க, முதல் ஆய்வில் கமிட் செய்தியில் (ஒவ்வொரு மாற்றத்தைச் சேமிக்கும்போதும் எழுதும் குறிப்பு) ‘ஃபிக்ஸ்’ மாதிரிச் சொற்களைத் தேடியிருந்தார்கள், அதனால் பிழைக்குச் சம்பந்தமே இல்லாத ‘இன்ஃபிக்ஸ்’ என்ற சொல்லை எழுதியிருந்தாலும் அது பிழைக் கணக்கில் சேர்ந்துவிட்டது. டைப்ஸ்கிரிப்ட் என்று எண்ணிய கோப்புகளில் பல, கோப்புப் பெயரில் அதே ‘.ts’ பின்னொட்டு கொண்ட மொழிபெயர்ப்புக் கோப்புகள், அவற்றில் கோடே கிடையாது. இவற்றையெல்லாம் களைந்தபோது 11-இல் நான்குதான் தேறின, அவற்றிலும் விளைவு மிகச் சிறியது. இங்கே யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. கேட்க ஆசைப்பட்ட முடிவு வந்துவிட்டதால் நம்மில் நிறையப் பேர் தோண்டிப் பார்க்காமலேயே மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தோம், சார்பு பெரும்பாலும் இப்படித்தான் உள்ளே நுழைகிறது.

சரி, நன்றாகச் செய்த ஒப்பீடு எப்படி இருக்கும்? 2000-இல் லுட்ஸ் பிரெசெல்ட் வெளியிட்டதைப் பாருங்கள். தொலைபேசி எண்ணைச் சொற்களாக மாற்றும் ஒரே கணக்குக்கு 7 மொழிகளில் 80 நிரல்கள், எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒரே மொழியில் எழுதிய இருவருக்கு இடையே இருந்த வித்தியாசம், மொழிகளுக்கு இடையே இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. சி, சி++, ஜாவாவில் எழுதியவர்கள் பல்கலைக்கழகத்தில் கண்காணிப்பில் எழுதினார்கள். பைத்தான், பெர்ல் மாதிரியானவற்றில் எழுதியவர்கள் இணையத்தில் கேட்டதும் முன்வந்தவர்கள், எடுத்துக்கொண்ட நேரத்தை அவர்களே சொன்னார்கள். இதைப் பிரெசெல்ட் மறைக்கவில்லை. தன் ஆய்வின் பலவீனமாக வெளிப்படையாக எழுதினார், அவர்கள் சொன்ன நேரத்தை நம்பலாமா என்று பார்க்க ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வரி எழுதினார்கள் என்றும் கணக்குப் போட்டுச் சரிபார்த்தார்.