நுரையீரல் தழும்பு ஏன் நிக்காம வளந்துகினே போகுது?

சரி, அடுத்த கேள்வி குடியாத்தத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பி இருக்காங்க. அவங்க அப்பாவுக்கு சிடி ஸ்கேன் பாத்துட்டு ஐபிஎஃப், நுரையீரல்ல தழும்புன்னு சொல்லி இருக்காங்களாம், "கையில வெட்டுப்பட்டா தழும்பு வந்து அதோட நின்னுடுது, இது மட்டும் ஏன் வளந்துகினே போகுது, மாத்திரை போட்டாலும் தழும்பு போகாதுன்னா அப்புறம் மாத்திரை எதுக்கு"ன்னு கேக்குறாங்க.

நல்லா கேட்டம்மா. தழும்புன்னா காயம் ஆறுன பிறகு சும்மா கெடக்கிற ஒரு அடையாளம்னு தான எல்லாரும் நெனைக்கிறோம், நுரையீரல்ல அது சும்மா கெடக்கிறது இல்ல, பக்கத்துல இருக்கிற செல்லுக்கு அதுவே வேலை ஏவுது.

நுரையீரல்ல ஃபைப்ரோபிளாஸ்ட்னு ஒரு செல் இருக்கு, கொலாஜன், ஃபைப்ரோனெக்டின்னு நாரு நாரா விட்டு தன்னை சுத்தி ஒரு வலை கட்டும், மேட்ரிக்ஸ்ன்னு சொல்வோம். செல் தன் மேல இருக்கிற இன்டெக்ரின்ற புரதத்தால அந்த நாரை புடிச்சி இழுத்து பாத்துகினே இருக்கும். வலை மெத்துனு இழுத்த இழுப்புக்கு வந்தா செல் அமைதியா இருக்கும், வெறைப்பா எதுத்து நின்னா உள்ள யாப்னு ஒரு புரதம் நியூக்ளியஸுக்குள்ள போய் ஜீனை எல்லாம் தட்டி எழுப்பும், செல்லு மயோஃபைப்ரோபிளாஸ்டா மாறி இன்னும் பலமா இழுக்கும், இன்னும் கொலாஜன் கொட்டும், வலை இன்னும் வெறைக்கும். அப்புறம் டிஜிஎஃப் பீட்டா, தழும்பு போடச் சொல்ற சிக்னல், அது வலையிலயே பூட்டி தான் இருக்கு, வலை மெத்துனு இருந்தா இழுத்தா கூடவே வந்துடும், பூட்டு தெறக்காது, வெறைப்பா இருந்தா இழுக்கிற இழுப்புல பூட்டு தெறந்துக்கும்.

2012ல வந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்ப முக்கியமா படும். மனுச நுரையீரலோட வெறைப்பை கிலோபாஸ்கல்ன்ற அலகுல அளந்தாங்க, நல்ல நுரையீரல் சுமார் 2, ஐபிஎஃப் நுரையீரல் சுமார் 16. அப்புறம் செல் மொத்தத்தையும் கழுவி எடுத்துட்டு வெறும் வலையை மட்டும் வச்சிகினாங்க. அந்த ஐபிஎஃப் வலை மேல நோயே இல்லாத ஃபைப்ரோபிளாஸ்ட்டை விட்டாங்க, அதுங்களும் மயோஃபைப்ரோபிளாஸ்ட் பக்கம் சாய ஆரம்பிச்சிடுச்சி. செல் மேல தப்பு இல்ல பாருங்க, அது நிக்கிற எடம் அப்படி. நாம லேப்ல செல் வளக்கிற பிளாஸ்டிக் தட்டு நுரையீரலை விட லட்சக்கணக்கான மடங்கு வெறைப்பு, அதனால தட்டுல பாத்ததை அப்படியே நம்பக்கூடாதுன்னு எங்க பசங்க கிட்ட சொல்லிகினே இருப்பேன்.

கைக்காயத்துல என்ன ஆகுதுன்னா, ஆறுன உடனே இந்த மயோஃபைப்ரோபிளாஸ்ட்ல பெரும்பாலும் தானா செத்துப்போகும். ஐபிஎஃப்ல சாகாம நிக்குது, ஏன் ஆரம்பிச்சதுன்னும் சரியா புடிபடல, அதனால தான் ஐபிஎஃப்ன்ற பேர்லயே இடியோபேதிக், அதாவது காரணம் தெரியாததுன்னு வச்சிருக்காங்க.

நம்ம ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் டேனரியில வேலை பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். பச்சைத்தோலுல இருக்கிறதும் பெரும்பாலும் கொலாஜன் தான், அப்படியே விட்டா ரெண்டு நாள்ல அழுகும். குரோம் போட்டா நாருக்கு நாரு குறுக்கால கட்டு விழுந்துடும், அப்புறம் சீக்கிரம் அழுகாது. நுரையீரல்ல குரோம் இல்ல, லைசில் ஆக்ஸிடேஸ்னு ஒரு என்சைம் அந்த குறுக்குக் கட்டைப் போடுது, கட்டு விழுந்த கொலாஜனை உடம்பால வெட்டி எடுக்கிறது கஷ்டம். அந்த வகை என்சைம் ஒண்ணை தடுக்க சிம்டுசுமாப்னு ஒரு மருந்து ஐபிஎஃப்காரங்களுக்கு குடுத்து பாத்தாங்க, பலன் தரல, எனக்கு அது பெரிய வருத்தம்.

இப்போ மாத்திரைக்கு வரேன். பிர்ஃபெனிடோன், நின்டெடனிப் ரெண்டும் 2014ல அமெரிக்காவுல அனுமதி ஆனது, இங்கயும் கிடைக்குது. விழுந்த தழும்பை அது எடுக்காது, டாக்டர் சொன்னது சரிதான். ஆனா நான் சொன்ன அந்த சுத்து இருக்கே, வெறைப்பு, இழுப்பு, மறுபடி வெறைப்பு, அதோட வேகத்தை கொறைக்குது, மூச்சுத்திறன் எறங்குறது மெதுவாகுது. ஸ்கேன்ல மாத்தம் தெரியலன்னு அப்பா நிறுத்திடப் போறாரும்மா, வயித்தால போகுது, பசி இல்லன்னா டாக்டர் கிட்ட சொல்லி டோஸை மாத்திக்கோங்க, நீங்களா நிறுத்தாதீங்க.