தொப்பிக் கடையில் தொடங்கிய கப்பல் கம்பெனி

[காட்சி: ஹாம்பர்க் நகரம். கால்வாயை ஒட்டிய பழைய செங்கல் கட்டடம். கேமரா மெல்லக் கூரைக்கு ஏறுகிறது.]

ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரத்துக் கால்வாய் ஓரமாக நிற்கிற இந்தக் கட்டடத்தின் பெயர் லைஸ்ஹோஃப். 1898 வாக்கில் கட்டி முடித்தது. எஃப். லைஸ் என்ற கப்பல் கம்பெனியின் தலைமை அலுவலகம். அப்படியே மேலே அண்ணாந்து பாருங்கள். கூரை முகட்டில் ஒரு நாய்ச் சிலை தெரிகிறதா? சுருட்டை முடி பூடில் நாய். அது அங்கே ஏறிய கதையைச் சொன்னாலே இந்தக் குடும்பத்தின் கதையில் பாதி முடிந்துவிடும்.

[காட்சி: பட்டுத் தொப்பிகள், பழைய கடை ஓவியம்]

ஃபெர்டினாண்ட் லைஸ் கப்பல்காரர் இல்லை, தொப்பி செய்பவர். 1824இல், இருபத்து மூன்று வயதில், ஹாம்பர்க்கில் பட்டுத் தொப்பித் தொழில் தொடங்கினார். தொப்பிகள் தென் அமெரிக்கா வரை விற்றன. சரக்கை ஏற்றிவிட அடுத்தவர் கப்பலுக்குக் காத்திருப்பதை விட, சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. 1839இல் ஒரு சின்ன மரக்கப்பல் கட்டி, மகன் கார்ல் பெயரையே அதற்கு வைத்தார். தொழில் ஓடவில்லை. சில வருடங்களில் கப்பலை விற்றுவிட்டார்.

1852இல் அந்த மகன் கார்ல் தொழிலுக்குள் வந்தார். கம்பெனி உண்மையில் கடலுக்குப் போனது அதற்கப்புறம்தான். கார்லின் மனைவி சோஃபி. அவருக்கு அடர்ந்த சுருட்டை முடி. அதனால் வீட்டில் செல்லமாக ‘பூடெல்’ என்று கூப்பிடுவார்கள். ஜெர்மன் மொழியில் பூடில் நாய்க்கு அதுதான் பெயர். 1857இல் வந்த கப்பலுக்கு அந்தச் செல்லப் பெயரையே வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த கப்பல்களுக்கும் ‘ப’ ஒலியிலேயே பெயர் வைக்கும் பழக்கம் ஊன்றிவிட்டது. பொட்டோசி, ப்ராய்சன், பொமர்ன், பாமிர், பாசாட், பீக்கிங், பாடுவா. மருமகளின் முடியிலிருந்து கிளம்பிய பெயர் வரிசை இது. கூரையில் இருக்கும் பூடிலும் அவருக்காகத்தான்.

[காட்சி: உலக வரைபடம். ஹாம்பர்க்கிலிருந்து அட்லாண்டிக் வழியே கீழே இறங்கி, கேப் ஹார்ன் முனையைச் சுற்றி, சிலி வரை ஒரு கோடு]

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உலகமே நீராவிக் கப்பலுக்கு மாறிக்கொண்டிருந்தது. லைஸ் குடும்பத்துக்கு நீராவி தெரியாததும் இல்லை. பின்னாளில் பெரிய நீராவிக் கப்பல் நிறுவனமாக வளர்ந்த ஹாபாக்கை 1847இல் தொடங்கியவர்களில் ஃபெர்டினாண்டும் ஒருவர். ஆனாலும் சொந்தக் கம்பெனிக்கு மட்டும் பாய்மரக் கப்பலாகவே கட்டிக்கொண்டு போனார்கள். ஏன்?

பதில் சரக்கில் இருக்கிறது. சிலியின் வடக்குப் பாலைவனத்தில் நைட்ரேட் உப்பு வெட்டி எடுத்தார்கள். ஐரோப்பாவின் வயலுக்கு அதுதான் உரம். வெடிமருந்துக்கும் அதுதான் மூலப்பொருள். இந்த உப்பு பழம் மாதிரி அழுகாது. பத்து நாள் முன்னே பின்னே வந்தாலும் ஒன்றும் குடி முழுகிப்போகாது. நீராவிக் கப்பல் என்றால் அந்தத் தூரத்துக்கு வழிநெடுக நிலக்கரி வாங்க வேண்டும். அந்தக் கரியே கப்பலின் வயிற்றில் சரக்கின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். காற்றுக்கு யாரும் காசு கேட்பதில்லை. கணக்குத் தெரிந்த வியாபாரிக் குடும்பம் எடுத்த முடிவு இது. பழமையின் மேல் இருந்த பாசம் என்று இதைச் சொல்வது தவறு.

காற்று இலவசம் என்பதற்காகக் கப்பலில் மிச்சம் பிடிக்கவும் இல்லை. உடல் எஃகு, பாய்மரமும் எஃகு. நல்ல காற்று சீராக வீசும் பகுதியில் பழைய பாய். தென் அமெரிக்காவின் தென்கோடியில் புயலுக்குப் பேர்போன கேப் ஹார்ன் முனை நெருங்கும்போது அதை இறக்கிவிட்டு, புதிய கனத்த பாய் ஏற்றுவார்கள்.

[காட்சி: மேல்தளம். பற்சக்கரங்களும் கம்பி வடங்களும் கொண்ட சுழல் உருளை, அண்மைக் காட்சி]

இந்த இயந்திரத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். காற்று திசை மாறினால், பாய் தொங்கும் குறுக்குக் கட்டைகளைத் திருப்ப வேண்டும். முன்பெல்லாம் புயலில், இடுப்பளவு தண்ணீரில், ஒரு கூட்டமே நின்று வடம் இழுக்கும். அலை வந்தால் ஆளையே அள்ளிக்கொண்டு போகும். ஜார்விஸ் என்ற ஸ்காட்லாந்துக் கேப்டன் கண்டுபிடித்த இந்தக் கருவியில் நாலு பேர் கைப்பிடியைச் சுற்றினால் போதும். ஒரு பக்கத்து வடம் சுருளச் சுருள, மறுபக்கத்து வடம் தானாக விட்டுக்கொடுக்கும். மூன்று குறுக்குக் கட்டைகள் ஒன்றாகத் திரும்பும். லைஸ் கப்பல்கள் இதை விடாமல் பயன்படுத்தின. கப்பலின் நடுவில் தளத்தை உயர்த்திக் கட்டி, சுக்கான் பிடிப்பவரை அலையிலிருந்து காப்பாற்றின. வேகத்துக்குப் பேர்போன கம்பெனி, ஆள் உயிரையும் யோசித்துக் கட்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது.

சிலியின் இக்கிகே மாதிரித் துறைமுகங்களில் கப்பல் கரையில் அணையாது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் மூட்டைகள் வரும். உப்பு கனம் என்பதால் கப்பலின் அடியில் பரத்தி அடுக்க மாட்டார்கள். நடுவில் கோபுரம் மாதிரி, மேலே போகப் போகக் குறுக்கி அடுக்குவார்கள். இல்லாவிட்டால் கப்பல் அலையில் வெடுக்கு வெடுக்கென்று ஆடிப் பாய்மரத்தையே முறித்துவிடும். கடைசி மூட்டை மேலே ஏறும்போது ஒரு பையன் அதன் மேல் உட்கார்ந்து வருவான். சுற்றி நிற்கும் கப்பல்கள் எல்லாம் ஆரவாரம் செய்யும். ஊருக்குத் திரும்பும் கப்பலுக்கு மற்றவர்கள் கொடுக்கும் வழியனுப்பு அது.

[காட்சி: ஐந்து பாய்மரக் கப்பலின் புகைப்படம்]

1902இல் வந்தது ப்ராய்சன். ஐந்து பாய்மரம், ஏறக்குறைய 8,000 டன் சரக்கு. 1910 நவம்பரில் ஆங்கிலக் கால்வாயில் பிரைட்டன் என்ற நீராவிக் கப்பல், ப்ராய்சனின் வேகத்தைக் குறைவாக எடைபோட்டு, குறுக்கே கடக்கப் பார்த்தது. மோதல். ஆள் சேதம் இல்லை. ஆனால் ப்ராய்சன் டோவர் பாறைகளில் ஏறி உடைந்துபோனது.

அதற்குள் குடும்பத்திலும் இழப்புகள். பேரன் கார்ல் ஃபெர்டினாண்ட் 1900இல் இறந்தார். அடுத்த வருடமே அப்பா கார்லும் போய்விட்டார். அவர் உயிலில் எழுதிவைத்த பணத்தில், சோஃபியும் சேர்த்துக் கொடுக்க, 1908இல் ஹாம்பர்க்கில் ஓர் இசை அரங்கம் திறந்தது. லைஸ்ஹாலே என்ற அந்த அரங்கில் இன்றும் கச்சேரி நடக்கிறது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 1913இல் ஜெர்மனியிலேயே, காற்றில் இருக்கும் நைட்ரஜனைக் கொண்டு அமோனியா செய்யும் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் சிலி உப்புக்குப் பதிலாக அது உதவும். 1914இல் பனாமா கால்வாய் திறந்தது, நீராவிக் கப்பல்களுக்குக் கேப் ஹார்னைச் சுற்றும் வேலை மிச்சமானது. அதே வருடம் முதல் உலகப் போரும் வந்தது. சிலி உப்பின் தேவை சரிந்தது. தோற்ற ஜெர்மனி கப்பல்களை வென்ற நாடுகளிடம் ஒப்படைத்தது. லைஸ் கம்பெனி அவற்றில் பலவற்றைத் திரும்ப விலைக்கு வாங்கியது. 1926இல் பாடுவா என்று புதிதாக ஒன்றும் கட்டியது! அந்தப் பாடுவா இன்று ரஷ்யாவின் குருசென்ஷ்தேர்ன், பயிற்சிக் கப்பல். பாமிரின் கதை வேறு. கைமாறிப் போன பிறகு, 1957 செப்டம்பரில் அட்லாண்டிக் புயலில் மூழ்கியது. 86 பேரில் 6 பேர்தான் பிழைத்தார்கள்.

கம்பெனி பழக் கப்பல், கன்டெய்னர் கப்பல் என்று மாறிப் பிழைத்துக்கொண்டது. இன்று அதை நடத்துவது ஷூயஸ் குடும்பம். ஜெர்மனியின் துருவ ஆய்வுக் கப்பலான போலார்ஷ்டெர்னை ஓட்டுகிற பொறுப்பும் இவர்களிடம்தான்.

[காட்சி: எல்பே நதி. இழுவைப் படகுகள் நடுவே நாலு பாய்மரக் கப்பல்]

இது பீக்கிங். 1911இல் பிறந்தது. இங்கிலாந்தில் பையன்களுக்குப் பயிற்சிக் கப்பலாகவும் நியூயார்க்கில் காட்சிப் பொருளாகவும் இருந்துவிட்டு, 2017இல் இன்னொரு கப்பலின் மேல் ஏறி அட்லாண்டிக்கைக் கடந்து வந்தது. துருவைச் சுரண்டி, பாய்மரம் நிமிர்த்தி, 2020 செப்டம்பரில் ஹாம்பர்க்குக்குள் இழுத்து வந்தார்கள். கரையெல்லாம் ஜனம்.