அம்மப்பாவின் றங்குப்பெட்டியில் வங்குரோத்து வழக்குத் தாள்கள்: என்ன செய்வது?

சரி, அடுத்த கேள்வி கல்லடியிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். அவருடைய அம்மப்பா மட்டக்களப்பில் பிறக்கிராசியாக இருந்தவராம். கடனில் நொடித்துப்போன வியாபாரிகளுக்காகத்தான் அதிகம் வழக்குப் பேசினாராம். வீட்டில் இரண்டு றங்குப்பெட்டி நிறையத் தாள்கள். "அமெரிக்காவில் வங்குரோத்துச் சட்டத்தரணிகளின் தாள்களைச் சேர்த்து வைக்கவே ஒரு இடம் இருக்கிறதாமே, உண்மையா? நாங்கள் இதைப் பழைய பேப்பருக்குப் போடலாமா?" என்று கேட்கிறார்.

போட்டுவிடாதீர்கள் தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். (பிறக்கிராசி என்றால் இளம் ஆட்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்து வழக்கறிஞர்களில் ஒரு பிரிவு, மற்றது அப்புக்காத்து. 1974இலிருந்து பிறக்கிராசி, அப்புக்காத்து என்ற பிரிவெல்லாம் போய் எல்லோரும் சட்டத்தரணிதான்.)

அமெரிக்க விசயம் உண்மை. பிலடெல்பியாவில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் சட்ட நூலகத்தில் தேசிய வங்குரோத்து ஆவணக் காப்பகம் இருக்கிறது. இத்தனைக்கும் ஒருகாலத்தில் அங்கேயும் பெரிய சட்ட நிறுவனங்கள் இந்தத் தொழிலைக் கொஞ்சம் கீழாகத்தான் பார்த்தன. ஹார்வி மில்லர் என்பவர் 1969இல் நியூயோர்க்கில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து இதற்கென்றே ஒரு பிரிவைக் கட்டியெழுப்பினார். 2008 செப்டெம்பர் 15ஆம் திகதி லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி விழுந்தபோது அதற்காக நின்றவர் அவர்தான். 639 பில்லியன் டொலர் சொத்துக் கணக்குக் காட்டிய கம்பனி அது. அடுத்த வருடம் ஜெனரல் மோட்டர்ஸ் கார்க் கம்பனி வந்தது. அவ்வளவு பெரிய பணம் புரளத் தொடங்கினால் தொழிலுக்கும் மரியாதை வந்துவிடும், தெரியும்தானே.

உங்கள் அம்மப்பாவின் வழக்குகள் வேறு அளவு. அவருடைய காலத்தில் ஒருவர் நொடித்தால் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வர்த்தமானியில் அறிவித்தல் வரும், கடன் கொடுத்தவர்கள் கூடுவார்கள், கடைசியில் கடனிலிருந்து விடுவிக்கும் சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்கும் முதலாம், இரண்டாம், மூன்றாம் என்று தரம் இருந்தது. கையை மீறிய நட்டத்தால் விழுந்தவருக்கு முதலாம் தரம். பள்ளிக்கூட ரிப்போர்ட் மாதிரி! மூன்றாம் தரம் வாங்கிய முதலாளி அடுத்தநாள் சந்தைக்கு எந்த முகத்தோடு போயிருப்பார் என்று நான் யோசித்ததுண்டு.

ஆனால் வர்த்தமானியில் வருவது அவ்வளவுதான், பெயரும் திகதியும். பிறக்கிராசியின் வழக்குக் கட்டுக்குள் இருப்பது வேறு. நெல் வியாபாரி ஒருவருடைய கட்டை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். கடன் கொடுத்தவர்களின் பட்டியல், கொப்பித் தாளில், வியாபாரியே பென்சிலால் எழுதியது. நீதிமன்றத்துக்குப் போன தட்டச்சுப் பிரதியில் பெயரும் தொகையும் மட்டும். இந்தக் கொப்பித் தாளிலோ ஒரு போடியாரின் (பெரிய வயற்காரரின்) பெயருக்குப் பக்கத்தில் "வேளாண்மை வெட்டினபிறகு பார்ப்பம் என்றார்" என்று இருக்கிறது. இன்னொரு பெயரை இரண்டு தடவை வெட்டி, திரும்பவும் எழுதியிருக்கிறார். அது அந்த வியாபாரியின் மச்சான். சொந்தத்தைப் பட்டியலில் போடுவதா விடுவதா என்று மனிதர் பட்ட பாடு அந்தக் கீறலில் தெரிகிறது. தட்டச்சுப் பிரதியில் மச்சானும் மற்றவர்களைப் போல ஒரு வரிதான்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். அம்மப்பா நொத்தாரிசாகவும் (காணி உறுதி எழுதுபவராகவும்) இருந்திருக்கலாம், அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான். அவர் எழுதிய உறுதிகளின் கட்டுகள் பெட்டிக்குள் இருந்தால் அவை உங்கள் வீட்டுச் சொத்தல்ல. 1907ஆம் ஆண்டு நொத்தாரிசுக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு இறந்தால் அவை காணிப் பதிவாளரிடம் போக வேண்டும். முதலில் அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். யாரோ ஒருவர் தன் காணிக்கு அந்த உறுதியைத் தேடி அலைந்துகொண்டிருக்கலாம்.

மிச்சத்தைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போடுகிற வேலை வேண்டாம். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதைச் சட்டத்தரணி வெளியே விடக்கூடாது, வழக்கு முடிந்த பிறகும் கூடாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சொல்கிறது. அம்மப்பா கடைசிவரை காத்த இரகசியத்தை நீங்கள் உடைப்பது முறையில்லை. அதோடு இது சின்ன ஊர். கடை முறிந்த கதை இங்கே மூன்று தலைமுறைக்கு நிற்கும், பேரப்பிள்ளைகள் அதே தெருவில்தான் வியாபாரம் செய்துகொண்டிருப்பார்கள். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்திடம் கேட்டுப் பாருங்கள். 2005இலிருந்து தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்திடமும் பேசலாம். யாரிடம் கொடுத்தாலும், இத்தனை வருடத்துக்குத் திறக்கக்கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். காப்பகங்களுக்கு அது புதிய விசயமல்ல.

அதுவரை பெட்டியைச் சீமெந்துத் தரையிலிருந்து தூக்கிப் பலகைமேல் வையுங்கள். கறையான் சுவரோடு வரும், ஆகவே சுவரில் முட்டவும் விடாதீர்கள். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாகக் கழற்றுங்கள். வெயிலில் காயப்போடாதீர்கள், லமினேட் செய்யவே வேண்டாம். 78 சூறாவளியும் 2004 சுனாமியும் பார்த்த கல்லடியில் தாள் மிஞ்சியிருப்பதே பெரிய காரியம்.

கட்டுகளை அவிழ்த்துக் கலந்துவிடாமல், மேல்தாளில் ஏதாவது இலக்கம் இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள் தம்பி. அது வழக்கிலக்கமாக இருந்தால் பழைய வர்த்தமானியில் தேடிப் பிடிக்கலாம்.