குழியின் அடியில் குடியிருக்கும் செல்

வணக்கம் நேயர்களே. நம் குடலின் உள்சுவரைப் போர்த்தியிருக்கும் செல் அடுக்கு நான்கைந்து நாளைக்கு ஒருமுறை புதிதாகிவிடுகிறது. வீட்டுக்கு வெள்ளையடிப்பதையே நாம் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம்!

சரி, ஒரு வாரம்கூடத் தங்காத செல்லில் கோளாறு வந்தால் என்ன ஆகும்? உதிர்ந்து மலத்தோடு போய்விடும். பெருங்குடல் புற்றுநோயோ, பாலிப் எனப்படும், குடல் சுவரில் முளைக்கும் சின்ன சதை வளர்ச்சியாகத் தொடங்கி, பெரும்பாலும் பத்து வருஷம்போல எடுத்து வளர்வது. அப்படியானால் கோளாறு இத்தனை காலம் எங்கே குடியிருந்தது?

குடல் சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில ஸ்டெம் செல்கள் இருந்துகொண்டு, புதிய செல்களை மேலே அனுப்பியபடியே இருக்கும். 2007இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர், எல்ஜிஆர்5 என்ற மரபணுவை அடையாளமாக வைத்து இவற்றைக் கண்டுபிடித்தார்கள்.

அவர்கள் 2009இல் வெளியிட்ட சோதனைதான் எனக்குப் பிடித்தது. ஏபிசி என்றொரு மரபணு உண்டு. செல் பெருகுவதற்குப் பிரேக் போடுவது அதன் வேலை. மனிதர்களின் பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலும் கெட்டுக்கிடப்பதும் அதுதான். எலிகளின் ஸ்டெம் செல்களில் மட்டும் அதை நீக்கினார்கள். சில வாரங்களிலேயே கட்டிகள். அப்புறம், குழியின் அடியை விட்டு மேலே ஏறத் தொடங்கிய செல்களில் நீக்கிப் பார்த்தார்கள். அங்கும் துளித்துளியாகக் கட்டிகள் முளைத்தன, ஆனால் அதோடு நின்றுவிட்டன. 30 வாரம் கழித்தும் பெரிய கட்டி அபூர்வம். பிரேக் போனது இரண்டு இடத்திலும்தான். தங்கியிருந்த செல்லில்தான் அது நோயாக வளர்ந்தது.

அப்படியானால் கட்டிக்குள் இருக்கும் ஸ்டெம் செல்களைக் கொன்றுவிட்டால் போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2017இல் வேறொரு குழுவினர் எலிகளில் அதையும் செய்து பார்த்தார்கள். குடலில் இருந்த கட்டி வளராமல் நின்றது, ஆனால் கரையவில்லை. கொல்வதை நிறுத்தியதும், மற்ற செல்களிலிருந்தே புதிய ஸ்டெம் செல்கள் உருவாகிவிட்டன. கல்லீரலுக்குப் பரவும் கட்டிகளோ அந்த செல்கள் இல்லாமல் தலையெடுக்கவே திணறின. ஒரே நோய், ஒரே செல். இடம் மாறியதும் கணக்கும் மாறிவிட்டது. ஏன் என்பதைத்தான் இப்போது துருவிக்கொண்டிருக்கிறார்கள்.