பின்புறம் பெயர் இல்லாத படம்

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலகக் குழுவின் அம்மா அவர்களே, பாஸ்டனிலிருந்து இந்த மழையிலும் காரோட்டி வந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, சமையல் பொறுப்பை ஏற்று இன்னும் உள்ளே நின்றுகொண்டிருக்கும் சகோதரர்களே, எல்லோருக்கும் வணக்கம். போன ஆண்டு நான் பேசியபோது பொறுமையாகக் கேட்ட தலைவர் அவர்கள்தான் இந்த முறையும் என்னைக் கூப்பிட்டார்கள். அந்த அன்புக்கு நன்றி.

இன்று மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒரு பழைய படத்தில் இருக்கும் ஆளை எப்படி அடையாளம் காண்பது, பேஸ்பாலில் பந்தடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்து பிடிக்கும் கேட்சர்கள் ஏன் இத்தனை பேர் மேலாளர்களாக ஆகிறார்கள், சின்ன ஊர்களில் மைனர் லீக் அணிகள், அதாவது மேஜர் லீக் என்னும் உச்ச நிலைக்குக் கீழே இருக்கும் தொழில்முறை அணிகள், எப்படிப் பிழைக்கின்றன. மூன்றுக்கும் பொதுவாக, நான் எங்கே போனாலும் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

நம் சங்க உறுப்பினர் ஒருவர் கராஜ் சேலில் வாங்கிய ஆல்பத்தை என்னிடம் கொடுத்தார். அதில் ஒரு படம். மார்புக் கவசம் கட்டிய இளைஞர், ராசெஸ்டர் ரெட் விங்ஸ் என்ற மைனர் லீக் அணியின் சீருடை. பின்னால் யாரோ ஆங்கிலத்தில், 'கேட்சர், பிறகு மைனர் லீக் மேலாளர், பாவ்டக்கெட் 1981' என்று எழுதியிருக்கிறார்கள். ஊர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, தொழில்கூட இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை!

பாவ்டக்கெட் 1981 என்றால் இந்தப் பக்கத்தில் பேஸ்பால் தெரிந்தவர்களுக்கு ஒரே ஒரு ஆட்டம்தான் நினைவுக்கு வரும். தொழில்முறை பேஸ்பாலில் மிக நீண்ட ஆட்டம் அது. ராசெஸ்டரும் ரோட் ஐலண்டின் பாவ்டக்கெட் அணியும் மோதின. ஏப்ரல் 18, சனிக்கிழமை இரவு, பாவ்டக்கெட்டின் மெக்காய் ஸ்டேடியம். விளக்கு கோளாறால் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது முடியவில்லை. 21ஆவது இன்னிங்ஸில் ராசெஸ்டர் முன்னேற, பாவ்டக்கெட்டின் வேட் பாக்ஸ் மறுபடி சமன் செய்துவிட்டார். குளிர் தாங்காமல் ஆட்டக்காரர்கள் உடைந்த மட்டைகளைப் பீப்பாயில் போட்டு எரித்துக் குளிர்காய்ந்தார்கள். நள்ளிரவு தாண்டினால் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் விதி, நடுவர்கள் கையில் இருந்த விதிப்புத்தகப் பிரதியில் இல்லாமல் போயிருந்தது. லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து, 32 இன்னிங்ஸ் முடிந்து, அதிகாலை 4:07க்கு நிறுத்தினார்கள். ஈஸ்டர் ஞாயிறு விடிகிறது. 1,740 பேர் வந்த மைதானத்தில் மிச்சம் 19 ரசிகர்கள்.

அந்த இரவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. லூயிஸ் அபோன்ட்டே என்று ஒரு பந்துவீச்சாளர், வெனிசுவேலாக்காரர். தன் பங்கை எப்போதோ முடித்துவிட்டார். விடிகாலை மூன்று மணி வாக்கில் மேலாளர் அனுமதியோடு வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார். மனைவி, இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய் என்று கேட்கிறார். மைதானத்தில் என்கிறார் இவர். எந்த ஊரில் விடிகாலை மூன்று மணிக்குப் பந்து விளையாடுவார்கள்? அந்த அம்மா நம்பவில்லை. நாமாக இருந்தால் நம்பியிருப்போமா? சரி, காலைப் பத்திரிகையில் பார்த்துக்கொள் என்கிறார். ஆட்டமோ பத்திரிகை அச்சுக்குப் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தாளில் முடிவு வரவில்லை. பாவம், திங்கட்கிழமைத் தாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

ஜூன் 23 அன்று ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். 18 நிமிடத்தில் முடிந்தது. டேவ் கோசா அடித்தார், மார்ட்டி பாரெட் ஓடி வந்தார், பாவ்டக்கெட்டுக்கு 3-2 என்று வெற்றி.

இப்போது படத்துக்கு வருகிறேன். அந்த ஆட்டத்தோடு சேர்ந்த கேட்சர்களில் பின்னால் மேலாளரானவர் யார் என்று தேடினால் ஒருவரோடு நிற்கவில்லை. பாவ்டக்கெட்டுக்கு முதலில் கேட்சராக நின்ற ரிச் கெட்மன், பிற்காலத்தில் வூஸ்டர் டொர்னேடோஸ் அணியை நடத்தினார். ராசெஸ்டரின் அன்றைய மேலாளர் டாக் எட்வர்ட்ஸும் பழைய கேட்சர்தான். கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்ததால் வந்த பட்டப்பெயர் 'டாக்'. 1970இல் பிலடெல்பியா அணியின் இரண்டு கேட்சர்களும் ஒரே இன்னிங்ஸில் கையை முறித்துக்கொண்டபோது, பயிற்சியாளராக இருந்த இவரையே மறுபடி ஆட இறக்கினார்கள். ஆல்பத்தைக் கொடுத்த நண்பர், படத்தில் இருப்பது எட்வர்ட்ஸ்தான் என்று அடித்துச் சொன்னார். ஆனால் 1981இல் எட்வர்ட்ஸுக்கு வயது 44. படத்தில் இருப்பவர் இளைஞர். கெட்மனோ எதிரணிக்காரர், சீருடை பொருந்தாது.

மிஞ்சுபவர் டேவ் ஹப்பர்ட். அந்த இரவில் ராசெஸ்டருக்காக 31 இன்னிங்ஸ் குத்தவைத்து உட்கார்ந்து பந்து பிடித்தவர். மூன்று ஆட்டத்துக்கு மேலான வேலை அது! அன்று ராசெஸ்டருக்கு ஆடிய கால் ரிப்கன், பாவ்டக்கெட்டின் பாக்ஸ் இருவரும் அங்கிருந்து போய்ப் புகழின் உச்சியைத் தொட்டார்கள். ஹப்பர்ட்டுக்கு மேஜர் லீக்கில் கிடைத்தது மொத்தம் 17 ஆட்டம், ஒரே ஒரு ஹிட். ஆனால் பிறகு நீண்ட காலம் மைனர் லீக் மேலாளராக இருந்தார். 2006இல் லேக்வுட் அணியோடு பட்டம் வென்றார், 2008இல் லீஹை வேலி அணியின் முதல் மேலாளர் ஆனார்.

கேட்சர்களுக்கு இந்த வேலை ஏன் பொருந்துகிறது? மைதானம் முழுவதையும் எதிர்முகமாகப் பார்த்து நிற்பவர் அவர் ஒருவர்தான், நம் கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரைப் போல. மற்றவர்களை எங்கே நிற்க வைப்பது, அடுத்து என்ன பந்து என்பதெல்லாம் அவர் கவலை. மேஜர் லீக்கில் பேர்பெற்ற மேலாளர்களான புரூஸ் போச்சியும் மைக் சோஷியாவும் இந்த வழியாகத்தான் வந்தார்கள். இதைப் பற்றியும் சின்ன ஊர் அணிகளைப் பற்றியும் நிறையப் பேசலாம், ஆனால் எனக்கு அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

அந்த மெக்காய் ஸ்டேடியம் இன்று இல்லை. 2020க்குப் பிறகு அணி வூஸ்டருக்குப் போய்விட்டது, மைதானத்தை இடித்தாயிற்று. 31 இன்னிங்ஸ் உழைத்தவரின் படமே பெயரில்லாமல் கராஜ் சேலுக்கு வருகிறது என்றால், உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் தாத்தா படத்துக்கு என்ன கதி? ஹப்பர்ட்டை விசாரிக்க ஸ்கோர் அட்டை இருந்தது, ஆண்டு வாரியாக அணிப்பட்டியல் இருந்தது. உங்கள் பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் எந்த லீக் பட்டியல் வைத்திருக்கிறது? தீர விசாரிப்பதே மெய்தான். விசாரிக்க ஆள் இருக்கும்போதே விசாரிக்க வேண்டாமா?

நூலகக் குழுவின் அம்மா அவர்கள் பெரிய மனதோடு மாதத்தின் கடைசி சனிக்கிழமை மாலை பின்னறையைக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். பழைய படங்களைக் கொண்டு வாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். பெயர், உறவு, ஊர், ஆண்டு, நான்கையும் எழுதுவோம். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், எழுத்து முன்பக்கம் பதிந்துவிடும், மையும் கசியும். மென்மையான பென்சிலால், பின்புற ஓரத்தில், அழுத்தாமல் எழுதினால் போதும். பென்சில்கள் வாசல் மேசையில் இருக்கின்றன, போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.