கிணற்று நீச்சல் தெரிந்தவர்களுக்கு: நீரோட்டமுள்ள பவளப்பாறையில் ஸ்கூபா

வணக்கம். வேலூரிலிருந்து பேசுகிறேன். அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு நீச்சல் பழக்கிவிட்டது விவசாயக் கிணறுதான். அந்தத் துணிச்சலோடு காட்பாடியில் ரயிலேறி, சென்னையில் விமானம் பிடித்து, அந்தமானில் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்த, இறங்குகிறார்கள். எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனால் கிணற்றுத் தண்ணீர் நிற்கும். பவளப்பாறையில் தண்ணீர் ஓடும்.

(திரையில்: பவள உயிரிகள், மிக அருகில்)

பாருங்கள், இவை கல் அல்ல. பூப்போல விரிந்திருக்கும் ஒவ்வொன்றும் ஓர் உயிர். இடம்விட்டு நகர முடியாததால் உணர்கொம்புகளை நீட்டிக் காத்திருக்கின்றன. மிதக்கும் நுண்ணுயிர்களை நீரோட்டம் கொண்டுவந்து தருகிறது. ஓட்டம் மோதும் பாறை முனைகளில் சிறு மீன்கள் மொய்க்கும், அவற்றைத் தேடிப் பாரை மீன் கூட்டமும் சுறாவும் வரும். நாம் அஞ்சும் அதே ஓட்டம்தான் அங்கே சோறு போடுகிறது.

ஓட்டம் எப்போது வலுக்கும்? கிரிவலத்துக்காகப் பௌர்ணமியைக் குறித்துவைத்திருக்கும் நம் ஊர் நாட்காட்டியே ஓரளவு சொல்லிவிடும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடலின் ஏற்ற இறக்கம் பெரிது, ஓட்டமும் வேகம். அஷ்டமியை ஒட்டித் தணியும். புதிதாக இறங்குபவர்கள் அந்த நாட்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இனி முக்கியமான செய்தி. எதிர்நீச்சல் வேண்டாம். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கை கால் வலிமை அங்கே செல்லாது; மூச்சு இரைக்கும், காற்று தீரும். கணக்குப் போடுவோம். ஒரு பார் என்பது ஏறக்குறைய தரையில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 2,400 லிட்டர் காற்று. தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு, 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு என்பதால் 60 லிட்டர் செலவாகும். 40 நிமிடம் வரும். மூச்சு இரைத்து இரண்டு மடங்கு செலவானால் 20 நிமிடம். 50 பார் மிச்சம் வைத்தே மேலேற வேண்டும் என்பதால் அதுவும் கிடைக்காது.

ஆகவே ஓட்டத்தோடு மிதந்து போங்கள். படகு பின்னால் வரும். நிற்க வேண்டுமா? 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது பாலத் தூண்களுக்குப் பின்னால் நீர் தணிந்து சுழன்றது நினைவிருக்கும். பெரிய பாறையின் மறுபக்கமும் அப்படித்தான். அங்கே ஒதுங்குங்கள். உயிருள்ள பவளத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள். பல ஆண்டு வளர்ச்சி ஒரு பிடியில் முறிந்துவிடும்.

(திரையில்: செங்குத்துப் பாறைச் சுவர்)

சுவரோரம் உங்கள் குமிழிகள் மேலே போகாமல் கீழே இறங்கினால், ஓட்டம் உங்களை ஆழத்துக்கு இழுக்கிறது என்று பொருள். பதறி நேர்மேலே உதைக்காதீர்கள். சுவரைவிட்டு விலகி, திறந்த கடல் பக்கம் நீந்துங்கள். மூச்சை அடக்கவே கூடாது. விடுபட்டபின் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல், 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, ஆரஞ்சு நிற மிதவைக் குழாயை ஊதி மேலே அனுப்புங்கள். அலைகளுக்கு நடுவே தலை தெரியாது. படகோட்டிக்கு அந்தக் குழாய்தான் தெரியும்.

ஒருநாள் அறிமுக முக்குளிப்பு மட்டும் செய்தவர்களை வலுவான ஓட்டத்தில் இறக்க யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். முறையான பயிற்சியும், இடம் தெரிந்த வழிகாட்டியும் முதலில். திரும்பும் டிக்கெட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பலமுறை முக்குளித்தவர் கடைசி முக்குளிப்புக்குப்பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது.