சைரன் ஒலித்தால் என்ன செய்வது?

வணக்கம். கல்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “போன வீடியோவில் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை பற்றிப் பேசினீர்கள். சைரன் ஒலித்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? என் மாமியாருக்குக் காது சரியாகக் கேட்காது. இதையெல்லாம் பேசி மக்களைப் பயமுறுத்துவது சரிதானா?”

பயத்திலிருந்தே தொடங்குகிறேன். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டன. அடுத்தது சென்னைதான் என்று பேச்சு பரவியது. சென்னையில் இருந்தே தீர வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் வெளியேறுவது நல்லது என்று அரசும் சொல்லிவிட்டது. மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். எதிர்பார்த்த படையெடுப்பு வரவே இல்லை. எது செய்தி, எது வதந்தி என்று தெரியாத தவிப்புதான் அன்று ஜனங்களை அதிகம் வாட்டியது என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் முன்கூட்டியே பேச வேண்டும் என்கிறேன்.

இனி சைரன். பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, 2025 மே 7ஆம் தேதி நாடு முழுவதும் ஒத்திகை நடந்ததே, உங்கள் கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும்கூட நடந்தது. ஒலி ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தால் ஆபத்து. ஒரே சீராக நீண்டு ஒலித்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருள். இந்த வித்தியாசத்தைக் குழந்தைகளுக்கு வாயால் ஊதியே காட்டுங்கள்.

ஆபத்து ஒலி கேட்டவுடன் அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடுங்கள். ஜன்னல் கண்ணாடியை விட்டு விலகி, உள்ளறைக்குப் போங்கள். இரவானால் விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். வேடிக்கை பார்க்க மொட்டை மாடிக்கு மட்டும் ஏறாதீர்கள். அணுமின் நிலையம் தொடர்பான எச்சரிக்கை என்றால், கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள். கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டைக் காக்கும் அயோடின் மாத்திரையை அதிகாரிகள் சொன்னால் மட்டுமே விழுங்க வேண்டும்.

ஒத்திகை நடந்த அதே மே மாதத்தில், செய்தி நிகழ்ச்சிகளில் சைரன் ஒலியைப் பயன்படுத்த வேண்டாம் என்று தொலைக்காட்சிகளுக்கு அரசு அறிவுறுத்தியது நினைவிருக்கிறதா? மிகச் சரியான அறிவுரை. வரவேற்பறையில் நாள் முழுக்க அந்த ஒலி கேட்டுக்கொண்டிருந்தால், நிஜமாக ஒலிக்கும்போது யார் எழுந்து ஓடுவார்கள்?

நம் கையில் இருக்கும் செல்போனுக்கும் இது பொருந்தும். 2008 மும்பைத் தாக்குதலில், கமாண்டோக்களின் நகர்வைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. அதைப் பார்த்தபடியே எல்லைக்கு அப்பாலிருந்து பயங்கரவாதிகளுக்குக் கட்டளை போனது. 2012இல் கசாப் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அன்று கேமரா சேனல்களிடம் மட்டும் இருந்தது, இன்று எல்லோருடைய சட்டைப் பையிலும் இருக்கிறது. ராணுவ வண்டி போவதைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 2025 மே மாதத்தில் வீடியோ கேம் காட்சிகளைக்கூடப் போர்க்காட்சி என்று நம்பி, படித்தவர்களே பகிர்ந்தார்கள். எனக்கு அது பெரிய வேதனை.

இன்னொன்று என் சொந்த அனுபவம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் செல்போன் அணைந்துபோனது. ஒரு கடைக்காரர் தன் போனைக் கொடுத்தார். கையில் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், என் மனைவியின் எண்ணே ஞாபகம் வரவில்லை! அன்றிலிருந்து ஐந்து எண்களும் ரத்த வகையும் எழுதிய சீட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. டார்ச், அன்றாட மாத்திரைகள், ஆதார் நகல், கொஞ்சம் சில்லறைப் பணம், தண்ணீர் எல்லாம் ஒரு பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறோம். அவசர உதவிக்கு 112 என்பதையும் அந்தச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் மாமியார். அவரைப் பற்றி இப்போதே பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவைத்துவிடுங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் சைரன் ஒலித்தால் யார் வந்து அவர் தோளைத் தொட்டு அழைப்பார்கள் என்று பேசி முடிவு செய்யுங்கள். சாவி ஒன்று அவர்களிடம் இருக்கட்டும். எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதை, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை மாமியாரின் கையைப் பிடித்து அழைத்துச் சென்று காட்டிவிடுங்கள், அம்மா.